வெள்ளைக்கு அடியில் வைத்த பொட்டு

சாலாக் செலாத்தானில் என் பக்கத்து வீட்டுக்காரர் போன வாரம் தன் காடியை என் வாசலில் ஓட்டிக்கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அதை நான்தான் கெடுத்தேன் என்பது போல முறைத்தார். மஞ்சள் காடி. முன் பம்பரை மாற்றிப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். உடம்பு ஒரு மஞ்சள், பம்பர் வேறு மஞ்சள். பம்பரில் பச்சை தட்டுகிறது.

“அங்கிள், கலர் கோட் கரெக்ட் லா. கேமரா வெச்சு ஸ்கேன் பண்ணித்தான் கலக்குனாங்க. அப்புறம் எப்படி மாறும்?”

“கேமரா மேலதானே பாத்துச்சு? அடியில என்ன இருக்குன்னு யாரு பாத்தா?”

அவருக்குப் புரியவில்லை. புரியாததை மறைக்கப் போனை எடுத்து பம்பரை நாலு கோணத்தில் படம் பிடித்தார். படத்தில் சரியாகத்தான் இருக்கிறதாம். அப்படியென்றால் காடியை வீட்டில் விட்டுவிட்டுப் படத்தில் ஏறிப் போங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

இதற்கிடையே, நான் கடைசியாக வேலை பார்த்த கிள்ளான் ஒர்க்‌ஷாப்பின் ஆட்கள் வாட்சப் குழுவில் ‘அண்ணே, அண்டர்கோட் பத்தி டிப்ஸ் போடுங்க’ என்று நச்சரிக்கிறார்கள். டிப்ஸாம்! சமையல் குறிப்பு மாதிரி. சரி, போடுகிறேன். குரல் பதிவில் கேட்க ஆசைப்பட்டவர்கள் கொஞ்சம் சிரமப்பட்டு வாசிக்கட்டும்.

பெயிண்ட் என்றால் கம்பளி என்று பாதி ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. மேலே போட்டு மூடிவிட்டால் உள்ளே இருப்பது தெரியாதாம். அது கம்பளி இல்லை, மல் வேட்டி. உள்ளே என்ன நிறத்தில் கட்டியிருக்கிறாய் என்பது வெயிலில் போய் நின்றால் தெரிந்துவிடும். அடியில் பூசுகிற சாம்பல் பிரைமரின் மேல் மஞ்சள் அடித்தால் பச்சை தட்டும். அதே மஞ்சளை வெள்ளைப் பிரைமரின் மேல் அடித்தால் பளிச்சென்று நிற்கும். சிவப்பை வெள்ளையின் மேல் அடித்தால் வெளுத்து ரோஸ் பக்கம் சாயும், கருஞ்சாம்பலின் மேல் அடித்தால் ஆழமாக இறங்கும். டப்பா ஒன்றுதான், அடிக்கிற கையும் ஒன்றுதான்.

அடிபட்ட கதவு ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பழைய நீலம் இருக்கும். நடுவில் பட்டி போட்ட இடம் பழுப்பாக இருக்கும். அதைச் சுற்றிப் பிரைமர், ஓரத்தில் தேய்த்து வெளுத்த தகடு. இத்தனையையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவருவதுதான் சீலர். அந்த ஒரே நிறம் எது என்று முடிவு செய்வதுதான் எங்கள் தொழில். அதற்கு மேல் அடிப்பது கை பழகினால் யாருக்கும் வரும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. சாலாக் செலாத்தானில் காடி பெயிண்ட் கடை வைத்திருந்த ஒரு சீன தவுக்கேயிடம் வேலைக்குச் சேர்ந்தேன். தேய் என்றார், தேய்த்தேன். மறுபடியும் தேய் என்றார், தேய்த்தேன். இப்படியே வருடங்கள் ஓடின. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டை ஒன்றை அவர் எப்போதும் பக்கத்தில் வைத்திருப்பார். எந்தப் பெயிண்டையும் முதலில் அட்டையில் அடித்து, கட்டம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் காடிப் பக்கம் போவார். கட்டம் தெரிந்தால் அந்தப் பெயிண்ட் தானாக மூடாது, அடியில் நாம்தான் நிறம் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் நான் அவரிடம் களவாடிய வித்தை. அவர் கடையை மூடியதும் கிள்ளானுக்கு வந்து நடேசனிடம் மாட்டிக்கொண்டேன்.

நடேசன் எங்கள் முதலாளி. பெயிண்ட் கடையில் வெள்ளைச் சட்டை போட்டுத் திரிந்த ஒரே மனிதர். ஒரு துளி பட்டு நான் பார்த்ததில்லை, பக்கத்தில் வந்தால்தானே படுவதற்கு! ஸ்ப்ரே கன்னைப் பிடிக்கத் தெரியாது, ஆனால் பிடித்திருப்பவனின் முதுகுக்குப் பின்னால் நின்று “மெதுவா… மெதுவா… இப்ப வேகமா” என்று தாளம் போடுவார். எந்தக் காடி வந்தாலும் ஒரே சாம்பல் பிரைமர்தான். டிரம் டிரம்மாக வாங்கிப் போட்டுவிடுவார். மஞ்சள் காடிக்கும் அதே, சிவப்புக் காடிக்கும் அதே.

“பாஸ், இதுக்கு வெள்ளை வேணும்.”

“மேல ரெண்டு கோட் சேத்து அடி. மூடிக்கும்.”

“மூடாது பாஸ். தடிச்சுப் போய் ஓரத்துல உடையும்.”

“உடைஞ்சா மறுபடியும் நம்மகிட்டதானே வருவான்?” என்று சொல்லி, தானே ரசித்துச் சிரிப்பார். பக்கத்தில் இருப்பவர்களும் சிரிக்க வேண்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருப்பார். நான் சிரித்ததில்லை. மிச்ச வெள்ளையையும் மிச்சக் கறுப்பையும் ஒளித்து வைத்து, காடிக்குத் தகுந்த மாதிரி சீலரில் நானே கலந்து அடித்துவிடுவேன். காடி நன்றாக வந்தால் “பாத்தியா, நான் சொன்ன சாம்பல்தான்” என்பார்.

இந்த மனிதர் ஒரு வழக்கம் கண்டுபிடித்தார். சீலர் அடித்துக் காய்ந்ததும், மேல் பெயிண்டுக்கு முன்னால், பானெட்டின் நடுவில் சந்தனம் குழைத்துக் குங்குமப் பொட்டு வைப்பார். காடிக்கு வெளியே பொட்டு வைத்தால் மழையில் போய்விடுமாம். உள்ளே வைத்தால் காடி உள்ளவரைக்கும் அம்பாள் உள்ளேயே இருப்பாளாம். கிள்ளானில் இது பிய்த்துக்கொண்டு போனது. “உள்ளே பொட்டு வெச்ச காடி” என்று லோரிக்காரர்களும் வேன்காரர்களும் தேடி வந்தார்கள். சீனர் காடிக்கும் மலாய்க்காரர் காடிக்கும் மட்டும் வைக்க மாட்டார். அந்த அளவுக்கு விவரம் உண்டு.

நானும் கும்பிடுகிறவன்தான். பத்துமலைக்குக் காவடி எடுத்திருக்கிறேன். ஆனால் இப்போது கடையில் விற்கிற குங்குமத்தில் பாதி வெறும் சாயம். சாதாரண அழுக்கு என்றால் பெயிண்ட் மூடிவிடும். சாயம் அப்படி அடங்காது. பெயிண்டில் இருக்கிற தின்னரில் கரைந்து, நாம் அடிக்கிற ஒவ்வொரு கோட்டோடும் மேலே ஏறி வரும். கறுப்புக் காடியில் தெரியாது, நீலத்தில் தெரியாது. வெள்ளையில் தெரியும். அதனால் வெளிர் நிறக் காடி என்றால், முதலாளி பொட்டு வைத்துவிட்டு ஆபீசுக்குள் போனதும் நான் தின்னர் துணியால் சுத்தமாகத் துடைத்து, அந்த இடத்தில் மறுபடியும் சீலர் அடித்துவிடுவேன். அம்பாள் கோவித்துக்கொள்ளவில்லை. முதலாளிக்குத் தெரியவும் இல்லை.

இதைப் பார்த்துக்கொண்டு இருந்த ஒரே ஆள் காதர். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பெர்மிட்டில் வந்தவன். அதிகம் பேச மாட்டான். நல்ல கை. அதைவிட நல்ல பழக்கம் ஒன்று அவனிடம் இருந்தது. வேலை முடிந்தால் கன்னைத் தனித்தனியாகக் கழற்றிக் கழுவி, துடைத்து, வெள்ளைத் துணியில் பரப்பிவிட்டுத்தான் சாப்பிடப் போவான். நான்கூட அந்த அளவுக்குக் கழுவியதில்லை. ஊரில் பாதி வீடு கட்டியிருந்தான். சுவர் நின்றது, கூரை இல்லை. மனைவி பிள்ளைகளை மாமனார் வீட்டில் விட்டு வைத்திருந்தான். பெர்மிட் முடிகிற நேரம். நடேசன் கையெழுத்துப் போட்டால் இருப்பான், போடாவிட்டால் விமானம் ஏற வேண்டியதுதான்.

அப்போதுதான் சிவலிங்கத்தின் காடி வந்தது. சிவலிங்கம் லோரி கம்பெனி வைத்திருப்பவர், நடேசனின் பெரிய வாடிக்கை. முத்து வெள்ளை நிறத்தில் பெரிய குடும்பக் காடி, பானெட் மட்டும் மாற்ற வேண்டும். முத்து வெள்ளை மாதிரிக் கோள்மூட்டி நிறம் வேறு கிடையாது. அடியில் வெள்ளைச் சீலர், அதன் மேல் வெள்ளை, அதன் மேல் முத்துப் பொடி கலந்த மெல்லிய பூச்சு, கடைசியில் நிறமில்லாத கிளியர். இதில் அடித்தளம் ஒரு பொட்டு மஞ்சளித்தாலும் மேலே வந்து சொல்லிவிடும். பானெட்டுக்குச் சீலரை நானே அடித்து வைத்தேன். மறுநாள் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை லோரிக்கு அவசர வேலை என்று நடேசன் என்னை அனுப்பிவிட்டார். மேல் பெயிண்ட் காதர் பொறுப்பு.

நான் திரும்பி வந்தபோது ஒர்க்‌ஷாப்பில் நடேசனின் குரல் தெரு வரைக்கும் கேட்டது. பானெட் வெயிலில் நின்றது. நடுவிலிருந்து ஒரு பக்கமாக இளஞ்சிவப்பு படர்ந்திருந்தது.

“ராஜு, கன்னைக் கழுவாம அடிச்சிருக்கான் பாரு இவன்! முந்தா நாள் சிவப்புக் காடி அடிச்ச கன்னு! சிவலிங்கம் அண்ணன் இப்ப வந்துருவாரு. நான் என்னா பதில் சொல்றது? இவனுக்குப் பெர்மிட் ஒரு கேடா? போகட்டும், ஊருக்குப் போய் ஆடு மேய்க்கட்டும்!”

காதர் தலையைக் குனிந்து நின்றான். காது மடல் சிவந்திருந்தது. அவனைக் கம்ப்ரஸருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

“பொட்டைத் தொடைக்கலையா?”

“பாஸ் பக்கத்துலயே நின்னாருண்ணே. பொட்டு வெச்சாரு. அப்புறம் உள்ளங்கையால பானெட் மேல இழுத்துவிட்டாரு, அம்பாள் எல்லா எடத்துலயும் பரவட்டும்னு. அடி அடின்னு நின்னுகிட்டே இருக்காரு. நான் எப்படிண்ணே தின்னர் துணிய எடுக்கறது?”

“வேணாம், கெட்டுப் போவும்னு வாயால சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க சொல்லலாம்ணே. ஒரு துலுக்கன் குங்குமத்தைத் தொடைக்கச் சொன்னா எப்படி இருக்கும்? எனக்கே மனசு வரலை. அது சாமி பொருளு.”

எனக்கு வந்த ஆத்திரம் காதர் மேல் இல்லை. முட்டாள்தனத்தைச் செய்தவன் வெள்ளைச் சட்டையில் நின்று கத்துகிறான், மரியாதை பார்த்தவன் மூட்டை கட்டுகிறான். பழைய கதவு ஒன்றை எடுத்து வந்தேன். சரியாக நடுவில் கோடு கிழித்து, இரண்டு பக்கமும் வெள்ளைச் சீலர் அடித்தேன். காய்ந்ததும் நடேசனின் ஆபீசுக்குள் போய், சாமி படத்துக்கு முன்னால் இருந்த அதே குங்குமத்தை எடுத்து வந்து ஒரு பக்கம் மட்டும் இழுத்துவிட்டேன். காதர் கழுவி வைத்திருந்த அதே கன்னால் இரண்டு பக்கமும் வெள்ளை அடித்தேன். ஒரு பக்கம் வெள்ளை வெள்ளையாக இருந்தது. இன்னொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரோஸாகிக்கொண்டு வந்தது.

நடேசன் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். புரிந்துவிட்டது என்பது அவர் எச்சில் விழுங்கியதிலேயே தெரிந்தது.

“என்னா சொல்ல வர்றே? சாமி குங்குமம் காடியக் கெடுக்கும்னா? நாக்கு அழுகிடும் ராஜு.”

“சாமி கெடுக்கலை பாஸ். சாயம் கெடுத்துச்சு. அதை வெச்சது நீங்க.”

“அவன் கழுவலை. அவ்வளவுதான். பேச்ச விடு.”

அந்த நேரம் பார்த்து சிவலிங்கத்தின் லோரி ஒன்று வாசலில் வந்து நின்றது. அவர் இறங்கினார். ஆடி வெள்ளி. கோயிலிலிருந்து நேராக வருகிறார், நெற்றி நிறையத் திருநீறு. நேரே பானெட்டுக்கு வந்தார். நடேசன் கையைப் பிசைந்துகொண்டு, “அண்ணே, அது வந்து… புது ஆளு…” என்று ஆரம்பித்தார்.

சிவலிங்கம் கேட்கவே இல்லை. செருப்பைக் கழற்றினார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

“தாயே! ஆடி வெள்ளி அதுவுமா குங்குமமா என் காடியில வந்து நிக்கிறியே!”

நான் எத்தனையோ முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நடேசனின் முகம் மாறிய வேகத்தில் வேறு எந்த முகமும் மாறி நான் பார்த்ததில்லை. தொடங்கிய வாக்கியத்தை அப்படியே விழுங்கிவிட்டு அவரும் செருப்பைக் கழற்றினார்.

“ஆமாண்ணே. காலையில இருந்து நாங்களும் பாத்துக்கிட்டுதான் இருக்கோம். ஒடம்பெல்லாம் புல்லரிக்குது லா.”

“யாரு கை பட்டுச்சு?”

“என் கைதாண்ணே,” என்றார் நடேசன், கொஞ்சமும் கூசாமல். பிறகு என் பக்கம் திரும்பினார். “ராஜு, நீ எவ்வளவு வருஷமா அடிக்கிறே, அண்ணனுக்குச் சொல்லு. இப்படி எங்கயாச்சும் பாத்திருக்கியா?”

என் கையில் கதவு இருந்தது. ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் ரோஸ். தூக்கிக் காட்டினால் போதும், நடேசனின் மானம் கிள்ளான் ஆற்றில் போய்விடும். அப்படியொரு சந்தர்ப்பத்துக்காக நான் வருடக்கணக்கில் காத்திருந்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சிவலிங்கத்துக்குப் பின்னால் காதர் நின்று, யாருக்கும் தெரியாமல் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று. அவன் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அது அதிசயம் என்றால் கன் அழுக்காக இருந்திருக்க முடியாது. நான் உண்மையைச் சொல்லி நடேசனைக் கவிழ்த்தால், கவிழ்ந்த மனுஷன் அவன் பெர்மிட்டில் கையெழுத்தா போடுவார்?

கதவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். “இல்ல பாஸ். பாத்ததே இல்ல.”

இன்றைக்கும் அதை நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது.

காடி மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனது. சிவலிங்கம் காதரையும் தேடிப் பிடித்து, நீயும் இந்தக் காடிக்கு வேலை செய்தவன்தானே என்று ஒரு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார். பெர்மிட் புதுப்பிக்கப்பட்டது. அதிசயம் நடந்த ஒர்க்‌ஷாப்பில் ஆள் குறைந்தால் நன்றாக இருக்காது என்று நடேசனே சொன்னார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். ஆனால் அந்த மனிதர் வாடிக்கையாளர்களுக்கு ஒரு கதையும் எங்களுக்கு ஒரு கதையும் வைத்துக்கொண்டார். வெளியாள் வந்தால் அம்பாள், என் கை, புல்லரிப்பு. வெளியாள் போனதும், “டேய் காதர், கன்னைக் கழுவுனியா? அன்னைக்கு மாதிரி கழுவாம வெச்சுறாதே.” நாள் தவறாமல் இது நடக்கும். புதிதாகச் சேர்ந்தவர்களிடமும், “இவன்தான் சிவப்புக் கன்னைக் கழுவாம வெள்ளைக் காடி அடிச்சவன்” என்று அறிமுகம் செய்து வைப்பார். கன்னைத் துணியில் பரப்பி வைக்கிற காதரை! அதற்குப் பிறகு அவன் மற்ற ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். சோற்றுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவான்.

குங்குமச் சாயத்துக்கு நம் ஊர் வெயில் ஆகாது, வெளுத்துப் போகும். வருடம் திரும்புவதற்குள் ஒரு காலையில் சிவலிங்கம் காடியோடு வந்து நின்றார். முகம் பேயறைந்தது போல இருந்தது. பானெட் சுத்தமான முத்து வெள்ளை. நான் அடித்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

“அம்மா போயிட்டாடா நடேசா! வீட்டுல என்னா தப்பு நடந்துச்சுன்னு தெரியலை. என் சம்சாரம் அழுதுகிட்டே இருக்கா. உன் கை பட்டுத்தானே வந்தா, மறுபடியும் கூப்பிட்டுக் குடு.”

நடேசன் அவரை ஆபீசில் உட்கார வைத்து, குடிக்க மைலோ வாங்கி வரச் சொல்லி, விரதம், பூஜை என்று என்னென்னவோ சொன்னார். பிறகு வெளியே வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக என் பக்கத்தில், பெயிண்ட் படுகிற தூரத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

“ராஜு, அன்னைக்கு ஒரு கதவுல செஞ்சு காட்டினியே. அது மாதிரி பானெட்டுல செய்ய முடியுமா லா?”

அடப்பாவி! அத்தனை மாதமும் தெரிந்துதான் காதரைக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறார். தெரியாமல் செய்கிற முட்டாளை நான் திட்டிவிட்டு மறந்துவிடுவேன். இவரை என்ன செய்வது?

“எனக்கு என்னா பாஸ் தெரியும்?” என்றேன். “கன்னைக் கழுவாம அடிச்சாத்தானே அப்படி வரும்? அதுல கெட்டிக்காரன் காதர்தான். அவனப் போய்க் கேளுங்க.”

நடேசன் என்னைப் பார்த்தார். ஆபீஸ் கதவைப் பார்த்தார். உள்ளே சிவலிங்கம் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வேறு வழி இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காதர் இருந்த பக்கம் போனார். காதர் ஒரு கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் பின்னாலேயே போனேன், தாளம் போடுவதற்கு.

“காதர்.”

“சொல்லுங்க பாஸ்.”

நடேசன் தொண்டையைச் செருமினார். “அன்னைக்கு… அந்தக் கன்னு… சுத்தமாத்தான் இருந்துச்சு.”

காதர் தேய்ப்பதை நிறுத்தினான். உப்புத்தாளை வாளி ஓரத்தில் வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். “அது எனக்குத் தெரியும் பாஸ்,” என்றான். பிறகு வேலை செய்துகொண்டிருந்த மற்ற ஆட்களைக் காட்டினான். “இவங்களுக்குத்தான் தெரியாது.”

நான் போய் இரைந்துகொண்டிருந்த கம்ப்ரஸரை நிறுத்தினேன். நடேசன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, அதையே இந்த முறை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.